கரை யாருக்கு உரியது?

ஆற்றங்கரையில் சுவர் எழுப்புகிறவன் தன் நிலத்தில்தான் எழுப்புகிறான். விளைவோ அவனது எல்லைக்குள் நிற்பதில்லை. ஆறு குறுகுமிடத்தில் நீர் விரைந்தோடி அடிமணலை அரிக்கும். அதற்கு மேற்புறம் வெள்ளமட்டம் உயரும். அரித்த மணல் கீழே அகன்ற இடத்தில் படிந்து படகு செல்லும் வழியைத் தூர்த்துவிடும். விளைவை அறியாமல் கட்டியவனும் அதற்குப் பொறுப்பாளி ஆவானா?

மதுரையில் இது ஏட்டளவான வினா அன்று. பழங்காநத்தத்துக்கு அருகே ஓடும் கிருதுமால் நதி இருபுறமும் நெருக்கப்பட்டுச் சாக்கடையாய்ச் சுருங்கிவிட்டது. வைகையின் இருகரைகளிலும் அண்மையில் தடுப்புச் சுவர்களும் சாலைகளும் எழுந்துள்ளன. வைகையில் படகுப் போக்குவரத்து இல்லை. ஆயினும் வெள்ளம் வரும்.

மான்செஸ்டர் நகரத்தார் கடல்வரை கப்பல் கால்வாய் அமைக்க முனைந்தபோது, மெர்சி ஆற்றின் கழிமுகத்துள் சுவரெழுப்பினால் தம் துறைமுக வழி மணலால் அடைபடும் என லிவர்பூல் வணிகர் எதிர்த்தனர். 1883, 1884 ஆண்டுகளில் அத்திட்டம் பாராளுமன்றத்தில் தோற்றது. கால்வாயைக் கரையோரமாகத் திருப்பிய பின்னரே 1885-இல் இசைவு கிடைத்தது. அவ்வாண்டிலேயே ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பேராசிரியர் அக்கழிமுகத்தைச் சிறு தொட்டியில் அமைத்து, ஓதம் மணலை நகர்த்தும் விதத்தை ஆராய்ந்தார்.

அக்கலை இன்று நம்மிடமும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டியில் நீரியல் ஆய்வு நிலையம் 1944-இல் தோன்றியது. நூற்றில் ஒன்றாய்ச் சுருக்கிய மாதிரியில் நீரின் வேகம் பத்தில் ஒன்றாதல் வேண்டும் என்பன போன்ற விதிகளைக் கொண்டு, கட்டுமுன்பே விளைவைக் கணிக்கின்றனர். கணினியும் இப்பணிக்கு உதவுகிறது. எனவே, அறியக் கூடியதை அறிய முயலாதவனுக்கு அறியாமை சாக்காகாது.

மெய்ப்பிக்கும் சுமை எவர்மீது சாரும்? லிவர்பூல் வணிகரிடம் பொருளிருந்தது. வல்லுநரை அமர்த்தி வாதாடினர். கரையோரக் குடிசையில் வாழ்பவன் எவரை அமர்த்துவான்? ஆகவே தீங்கில்லை என்று காட்டுவது கட்டுபவனின் கடமையே.

இஸ்லாமியச் சட்ட அறிஞர் பலர் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் 'ஹரீம்' என ஓர் எல்லை வகுத்தனர். விலக்கப்பட்டது என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. தூர்வாரிய மண்ணைக் கொட்டவும் கரைமீது நடக்கவும் வேண்டிய இடத்தை ஆற்றுக்கே உரியதாக்கினர். மாதிரி, வெள்ளம் எத்தனை அடி உயரும் என்று சொல்லும். அது எவர் வீட்டில் உயரலாம் என்பதை மாதிரி சொல்லாது; அதனை நம் நீதியுணர்வே சொல்லியாக வேண்டும்.