மிச்சமிருக்கும் 4 மணி நேரம் யாருடையது?

ஒரு சின்ன கணக்கு போடுவோமா?

ஒரு நாளைக்கு 24 மணி நேரம். 6 முதல் 12 வயசுப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேணும்னு மருத்துவர்கள் சொல்றாங்க. பள்ளிக்கூடமும் வேன் பயணமும் 8. குளியல், சாப்பாடு 2. வீட்டுப்பாடம் 1. மிச்சம் 4 மணி நேரம்தான். அதையும் அபாகஸ், கீபோர்டு, இந்தின்னு பிரிச்சுக் கொடுத்துட்டா பிள்ளைக்குன்னு என்ன இருக்கு?

என் அக்கா மகள் நாலாம் வகுப்பு. சிலம்பம்னா உயிர். கிளாஸ் இல்லாத நாளிலும் மொட்டை மாடியில் கம்பு சுத்துவா. அபாகஸ் நாள் வந்தா மட்டும் வயிறு வலிக்கும். ரெண்டும் நல்ல கலைதான். ஆனா ஒன்று அவள் ஆசை. இன்னொன்று, பின்தங்கிடுவாளோ என்ற நம்ம பயம்.

எந்தக் கலையிலும் ஆரம்பத்தில் சலிப்பு வரும், பொறுக்கணும். ஒரு வருஷம் ஆகியும் வயிறு வலிச்சா? அப்போ அது சலிப்பு இல்லை, பதில்.

ஐ.நா. 1989-ல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் உரிமைன்னே சொல்லுது. இந்தியாவும் 1992-ல் அதை ஏற்றது. உரிமை என்பது மார்க் வாங்கினா தரும் பரிசு இல்லையே!

நம்மில் பலருக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. ஆனா வீட்டில் ஒரு அண்ணன் மகனோ அக்கா மகளோ இருப்பாங்க. இன்னைக்கு அவங்க பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க: "இதில் எதை விட்டா உனக்கு சந்தோஷம்?" சொல்ற பதிலை அப்பா அம்மா காதிலும் போடுங்க.