பாறையில் ஒட்டிய நட்சத்திரம்

வெனிஸ் நகரத்துக் காயலில், ஆழமில்லாத இடங்களில், பூப்போல ஒட்டி வாழும் ஓர் உயிரினம் உண்டு. போட்ரில்லஸ் என்று பெயர். செடியல்ல, பிராணிதான். சில மில்லிமீட்டர் அளவுள்ள பல உயிர்கள் நட்சத்திர வடிவில் கூடியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாய். தண்ணீரை வெளியேற்ற நடுவில் ஒரே வழி. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓடும் இரத்தம்.

இதைவிட ஆச்சரியம், இரண்டு கூட்டங்கள் வளர்ந்து ஒன்றையொன்று தொடும்போது நடப்பது. குறிப்பிட்ட ஒரு மரபணுவில் ஒத்துப்போனால் இரத்தக் குழாய்கள் இணைந்துவிடும். இல்லையென்றால் தொட்ட இடம் கருகி விலகிவிடும். மூளை என்று பார்த்தால் ஒரு சிறு நரம்பு முடிச்சு, அவ்வளவுதான். சுப்ஹானல்லாஹ்!

நமக்கோ அறிவும் இருக்கிறது, இரத்த உறவைப் பேணச் சொன்ன ஹதீஸ்களும் மனப்பாடம். வாப்பா விட்டுப்போன மூன்று சென்ட் நிலத்துக்காக, முன் ஸஃப்பில் நிற்கும் சொந்தக் காக்காவுக்கு ஸலாம் சொல்லி எத்தனை வருடமாகிறது?