செய்திக்கு ஜாமீன் யார்?

முன்பின் அறியாத ஒருவர் நம் கடைக்கு வந்து ஆயிரம் வெள்ளிக்குச் சரக்கு கடனாகக் கேட்டால் நாம் என்ன செய்வோம்? "தம்பி, இந்த ஊரில் உமக்குத் தெரிந்தவர் யார்? யார் ஜாமீன் நிற்பார்?" என்று கேட்போம். அவர் யாரையும் காட்டாவிடில் நயமாக அனுப்பிவிடுவோம். ஆனால் அதே நாம், காலையில் கடை திறந்து தேநீர் அருந்தும்போது கைத்தொலைபேசியில் வந்து விழும் செய்திக்கு மட்டும் ஜாமீன் கேட்பதில்லை. யார் சொன்னார், எங்கிருந்து வந்தது என்று பாராமல் வாங்கிக்கொள்கிறோம். வாங்கிய கையோடு பத்துப் பேருக்குக் கொடுத்தும் விடுகிறோம். மிளகாய்த் தூளுக்குக் காட்டும் எச்சரிக்கையை மனிதரின் மானத்துக்குக் காட்டாமலிருப்பது முறைதானா?

பத்திரிகைத் தொழில் நம் சமூகத்துக்குப் புதியதன்று. 1887-ஆம் ஆண்டிலேயே சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். கோலாலம்பூரில் 1924-இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019 வரை நடந்தது. அப்பத்திரிகைகளில் பிழையே வந்ததில்லை என்றோ, சார்பே இருந்ததில்லை என்றோ நாம் சொல்லவில்லை. ஆயினும் பத்திரிகை என்றால் ஏதோ ஒரு மூலையில், சிறிய எழுத்தில், அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் விலாசமும் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் படிக்காத அந்த வரிதான் செய்திக்கு ஜாமீன். தவறு நேர்ந்தால் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது.

நிற்க. புதிய சாதனங்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1967-இல் நம் மலாக்கா மாநிலத்துப் புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் குறையை நாடறியச் செய்வதற்குக் கோலாலம்பூர் வரை நடந்தே செல்ல வேண்டியிருந்தது. இன்று ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் குழாயில் தண்ணீர் வராவிட்டால், ஓர் இளைஞர் அதைப் படமெடுத்து முகநூலில் போடுகிறார். மாலைக்குள் ஊரே பார்த்துவிடுகிறது. நிருபர் கால் வைக்காத இடத்துக்கும் இன்று வாய் கிடைத்திருக்கிறது. இது அல்லாஹ்வின் அருட்கொடை என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் வாய் கிடைத்ததே போதுமா? நாமறிந்த ஒரு சகோதரர் இம்மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். அவர் கடைச் சமையலறை என்று கூறி அருவருப்பான படமொன்று ஒரு வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் பரவியது. படம் வேறெங்கோ எடுத்தது. அவர் கடைச் சுவரின் நிறம்கூட அதில் இல்லை. எனினும் இரண்டு வாரம் மேசைகள் காலியாய்க் கிடந்தன. இரண்டு வேலையாட்களை அவர் நிறுத்த நேர்ந்தது. விசாரித்தபோது ஒவ்வொருவரும் சொன்ன பதில் ஒன்றே: "எனக்கு வந்தது, அனுப்பினேன்." அனுப்பியவர்களுள் நம்மவர்களும் இருந்தனர் என்பதைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது. உண்மை தெரிந்த பின்பு, படத்தை அனுப்பிய அதே குழுவில் மறுப்பையும் அனுப்பியவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம்.

கடமையறிந்த நிருபர் ஒருவர் இருந்திருந்தால், அவர் அந்தச் சமையலறைக்குள் நடந்து சென்று பார்த்திருப்பார். முதலாளியையும் கேட்டிருப்பார், நகராண்மைக் கழகத்தையும் கேட்டிருப்பார். அந்த நடைக்குத்தான் செலவு. அரைநாள் சம்பளமும் பெட்ரோலும் யாராவது கொடுத்தாக வேண்டும். முன்பு அதில் பெரும்பங்கைக் கொடுத்தது நம் போன்ற வியாபாரிகளின் விளம்பரம். பெருநாள் வாழ்த்து, புதுக் கடைத் திறப்பு, மலிவு விற்பனை என்று நாம் தந்த காசில் நிருபரின் ஊதியமும் இருந்தது. இன்று அக்காசு முகநூலுக்குப் போகிறது. குறைந்த செலவில் நிறைந்த கூட்டம் கிடைப்பதால் வியாபாரக் கணக்கில் அது சரியே. ஆனால் முகநூல் எந்த ஊருக்கும் நிருபர் அனுப்புவதில்லை. செய்தி சேகரிப்பவருக்குப் போய்க்கொண்டிருந்த கூலியை நாமே நிறுத்திவிட்டு, "நம்பத்தகுந்த செய்தி கிடைக்கவில்லையே" என்று அங்கலாய்ப்பதில் நியாயமில்லை.

"நான் எழுதவில்லையே, வந்ததைத்தானே அனுப்பினேன்?" என்பார்க்கு நம் முன்னோர் என்றோ பதில் வைத்துவிட்டனர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் ஹதீஸ்களைத் தொகுத்த இமாம் புகாரி (ரஹ்) போன்ற பெரியோர், சொல்லப்பட்டது என்ன என்பதோடு நிற்கவில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா, அவர் நினைவாற்றல் எப்படி, நாணயம் எப்படி என்று ஒவ்வொருவராக ஆராய்ந்தனர். அறிவிப்பாளர் வரிசையில் அடையாளம் தெரியாத ஒருவர் நுழைந்தாலே அந்த அறிவிப்பின் தகுதி குறைந்தது. இடையில் நின்று சொன்னவரும் அங்கே பொறுப்பாளிதான். நாமோ "பலமுறை அனுப்பப்பட்டது" என்ற குறிப்பைக் கண்டால் செய்தி முக்கியமானது என்று எண்ணுகிறோம். வரிசை அறுந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்! அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கு மேல் அனுப்ப இயலாதபடி 2020-இல் வாட்ஸ்அப் நிறுவனமே தடுத்துவிட்டது என்பதும் நினைவிருக்கட்டும்.

நாட்டின் சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. சாட்சியச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவின்படி, இணையத்தில் ஒரு பதிவுக்கு உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ பெயர் காணப்படுபவரே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, அதை வெளியிட்டவராகக் கொள்ளப்படுவார். 1999-இல் தொடங்கிய 'மலேசியாகினி' இணையப் பத்திரிகைக்கு, வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக, 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. ஏழு நீதிபதிகளுள் ஒருவர் அத்தீர்ப்பில் மாறுபட்டார். பிறர் எழுத்துக்குப் பத்திரிகை எவ்வளவு பொறுப்பேற்க வேண்டும் என்பதில் நல்லவர்களும் வேறுபடலாம். நாம் கவனிக்கற்பாலவை இரண்டு. பெயரும் விலாசமும் உள்ளவரே பிடிபட்டார். அபராதத் தொகை முழுவதையும் பொதுமக்கள் சில மணி நேரத்தில் தந்துவிட்டனர். விலாசமுள்ள செய்தியின் விலையை அறிந்தவர்கள் இந்நாட்டில் இருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று.

ஆகவே சகோதரர்களே, கலப்படச் சரக்கை விற்றுவிட்டு "நான் அரைக்கவில்லை, வாங்கி விற்றேன்" என்று சொல்லும் வியாபாரியை நாம் மன்னிப்பதில்லை. அதே அளவுகோலை நம் விரலுக்கும் வைப்போம். ஒருவரின் பெயரையோ பிழைப்பையோ தொடும் செய்தி வந்தால், சொன்னவர் யார் என்று தெரியும்வரை அது நம்மோடு நிற்கட்டும். தவறி அனுப்பிவிட்டால், அனுப்பிய அதே இடத்தில் திருத்தத்தையும் சொல்வோம். ஆண்டுக்கு ஒரு விளம்பரமேனும், மாதச் சந்தா ஒன்றேனும், நேரில் சென்று விசாரித்து எழுதும் பத்திரிகைக்குக் கொடுப்போம். இன்று அடுத்தவர் கடையின் மேசை காலியாகிறது, நாளை நம்முடையது. அன்று நம் வாசலுக்கு வந்து, "என்ன நடந்தது பாய்?" என்று கேட்க ஒருவர் வேண்டாமா?