எதிரே வருபவர் சாமி

மட்டாஞ்சேரியிலும் போர்ட் கொச்சியிலும் மலை என்று சொல்ல ஒரு மேடுகூடக் கிடையாது. செர்ளாயில் கொங்கணிகளின் வெங்கடாசலபதி கோயிலுக்குத் திருமலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆசைதான், வேறென்ன. இருந்தும் வருஷத்தில் இரண்டு பருவம் இந்தக் கடலோர ஊரிலிருந்து ஆட்கள் மலையேறக் கிளம்புகிறார்கள். கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாகச் சபரிமலைக்கு. தவக்காலம் வந்தால் மலையாற்றூர்க் குரிசுமுடிக்கு, தோமையார் வந்து ஜெபித்ததாக நம்பப்படும் குன்றுக்கு. மரச்சிலுவையைத் தோளில் சுமந்து ஏறுபவர்களும் உண்டு. இரண்டு பாதையிலும் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டு ஏறுகிறார்கள். சபரிமலையில் இன்னும் ஒரு படி மேலே: எதிரே வருபவர் யாரானாலும் சாமி. வங்கி மேலாளரும் சாமி, அவருடைய டிரைவரும் சாமி. இந்த அழைப்பு உண்மையா, அல்லது விரதத்தோடு தீர்ந்துபோகும் மரியாதையா? வெறும் மயக்கம் என்பது படித்தவர்கள் பலரின் தீர்ப்பு. அதை நான் ஒப்பவில்லை. ஆனால் ஆத்மாவில் எல்லாரும் ஒன்று என்று பக்தர்கள் சொல்லும் காரணமும் எனக்குப் போதவில்லை.

கேரளத்தில் வழியில் ஒருவரைத் தற்செயலாக எதிர்ப்படுவது சாதாரண விஷயமாக இருந்ததில்லை. தொட்டால்தான் தீட்டு என்பதில்லை. இன்ன சாதிக்காரர் இத்தனை அடிக்குள் வந்தாலே தீட்டு. நம்பூதிரிக்கு முன்னால் ஓர் ஆள் கூவிக்கொண்டு போவான். அந்தக் குரல் கேட்டதும் புலையர் வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கி ஒதுங்கிவிட வேண்டும். மனிதர்கள் சந்தித்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கே பாதை போட்ட மாதிரி இருந்தது. 1913ல் கொச்சிப் புலையர்கள் கூட்டம் போட நினைத்தபோது தரையில் இடம் கிடைக்கவில்லை. சீர்திருத்தக் கவிஞர் பண்டிட் கருப்பன் முதலானோர் துணை நிற்க, காயலில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் கூடினார்கள். 1924ல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது கேட்டது கோயில் நுழைவைக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமையை. ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறையில் இருந்தது இதற்குத்தான். 1925 கடைசியில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன; கிழக்குத் தெரு அப்போதும் திறக்கவில்லை. இந்த மண்ணில் ஒருவன் எதிரே வருபவனைப் பார்த்துச் 'சாமி' என்கிறான் என்றால் அதன் கனம் வேறு. எந்தச் சந்திப்பு தீட்டு என்று விதித்தார்களோ அதே சந்திப்பை இந்தப் பாதை புண்ணியமாக்கிவிடுகிறது. வைக்கத்துக் காலத்திலேயே மலைப்பாதை இப்படி இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தீட்டுக்கும் சாத்திரம் காட்டினார்கள், 'நீயே அது' என்னும் 'தத்துவமசி'யும் சாத்திரம்தான். இரண்டில் ஒன்றுதான் நிற்க முடியும்.

முதல் ஆட்சேபம் எல்லாருக்கும் தெரிந்தது: கீழே இறங்கி மாலையைக் கழற்றினால் பழைய கதைதான். யாத்திரையில் அந்தஸ்து கழன்று எல்லாரும் ஒன்றாகும் ஒரு நிலை வாய்க்கிறது என்று மானுடவியலாளர் விக்டர் டர்னர் எழுதினார். சபரிமலைக்குத் தானும் போய்வந்த இலங்கைத் தமிழர் வாலண்டைன் டேனியல் 1984ல் வந்த தம் நூலில் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் சாய்கிறார். ஆனால் மகாராஷ்டிரத்தில் பண்டரிபுரம் வாரி யாத்திரையில் நடந்துபோன மானுடவியலாளர் ஐராவதி கார்வே கண்டது வேறு. ஒரே கூட்டமாகப் பாடிக்கொண்டு போகும் பிராமணரும் மராத்தாக்களும் சாப்பாட்டு வேளையில் பிரிந்துவிடுகிறார்கள். கார்வே சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். தற்காலிகம் என்பதையும் ஏற்கிறேன். அதனால் என்ன? 41 நாளைக்குக் கழற்றி வைக்கக்கூடிய ஒன்று இரத்தத்தில் ஊறியதாக இருக்க முடியாதே. தீட்டு இயற்கை என்றல்லவா வாதிட்டார்கள்? 1936ல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. கொச்சி சமஸ்தானம் கோயிலைத் திறக்கப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் மட்டாஞ்சேரிப் புலையர் ஒருவர் எல்லை தாண்டிப் போனால் கோயிலுக்குள் நிற்கலாம், ஊர் திரும்பினால் வெளியே நிற்க வேண்டும். சுங்கச்சாவடியில் மாறிவிடுகிற தூய்மை என்ன தூய்மை?

இன்னொரு ஆட்சேபம் எனக்கு இதைவிடப் பிடித்தது. மலையில் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது வெறும் உடம்பின் தேவை, அதில் ஆன்மீகம் எங்கே வந்தது என்பார்கள். இலங்கையின் சிவனொளிபாத மலையை எடுத்துக்கொள்ளலாம். 2,243 மீட்டர் உயரம். உச்சியிலுள்ள பாதச்சுவடு சிவனுடையது, புத்தருடையது, ஆதமுடையது என்று அவரவர் சொல்கிறார்கள். தோமையார் பெயரையும் சேர்ப்பவர்கள் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் ஏறிய இப்னு பதூதா பாறையில் பிடித்து ஏறச் சங்கிலிகள் இருந்ததை எழுதியிருக்கிறார். விடியலுக்கு முன் அந்த உச்சிப் படிகளில் காற்று முகத்தில் அறையும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, முட்டியோடு முட்டி இடிக்க, மொழியும் மதமும் வேறான ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். குளிர் உட்காரவைத்தது, கொள்கை அல்ல. சரி. ஆனால் தீட்டுச் சட்டம் எதைக் குறிவைத்தது? தொடுகை, மூச்சு, தண்ணீர், சோறு, எல்லாம் உடம்பு. ஆத்மாவில் எல்லாரும் ஒன்று என்று ஒப்புக்கொள்வதில் எந்தச் சாதிமானுக்கும் சிரமம் இருந்ததில்லை. அந்த ஒப்புதல் மலிவு. மேட்டிலும் காற்றிலும் உடம்புக்கு உடம்பு துணையாகிறபோதுதான் அந்தச் சட்டம் அடிபடுகிறது.

மலைப்பாதைக்கு நான் வக்காலத்து வாங்குவது இதுவரைதான். சபரிமலையில் பம்பையிலிருந்து சந்நிதானம் வரை டோலி போகிறது: ஒரு பிரம்பு நாற்காலி, இரண்டு கழிகள், தோளில் துண்டை மடித்துப் போட்ட நான்கு பேர். உட்கார்ந்திருப்பவரும் சாமி, சுமப்பவரும் சாமி. இங்கே அந்தச் சொல் எதையும் மாற்றவில்லை, கூலிப் பேச்சைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். 2018 செப்டம்பர் 28ல் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று தீர்ப்பளித்த பிறகு, அதே பாதையில் ஏறிய பெண்களை வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். இது தீட்டு விவகாரமே அல்ல, நைஷ்டிக பிரம்மச்சாரியான தெய்வத்தின் விரதம் என்பது எதிர்த்தவர்களின் வாதம். அதை நேர்மையாகச் சொல்பவர்களும் அவர்களில் உண்டு. வழக்கு எழுப்பிய கேள்விகளும் 2019ல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. ஆனால் மாலை போட்டவர் ஊரார் எல்லாரையும் சாமி என்று கூப்பிடப் பழகும் அதே நாட்களில், பல வீடுகளில் மாதவிலக்கான பெண் அவர் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொள்கிறாள். அவள் எந்த மலைக்கும் போகக் கேட்கவில்லை. கூடத்தில் எதிர்ப்படக்கூடாது என்பதுதான் விதி. இந்த விதியை யாரும் நீதிமன்றத்துக்கு அனுப்பவில்லை, மாலை போடுகிறவரே எடுத்துவிடலாம்.