புலால் மறுத்தலும் செருக்கும்



நம்முள் சிலர் புலாலோடு பாலையும் நெய்யையும்கூட விலக்கியுள்ளனர். நானும் அவ்வாறே உண்பவன். ஆண் கன்றும் கறவை வற்றிய பசுவும் இறுதியில் எங்குச் சேருமென்பது மாடு வளர்த்தோர் அறிந்ததே. ஆதலின் இவ்விரதம் நன்று. ஆயின் விரதம் பூண்டவர் உற்றார் வீட்டுப் பந்தியில் முகஞ்சுளிப்பதைக் காண்கிறேன். அது நன்றன்று.

பிக்குகள் மீனும் புலாலும் வாழ்நாள் முழுதும் உண்ணலாகாதென விதிக்குமாறு தேவதத்தன் பகவானைக் கேட்டான். பகவான் இணங்கவில்லை. தமக்காகக் கொல்லப்பட்டதென்று காணாத, கேளாத, ஐயுறாத ஊனை ஏற்கலாம் என்றார். கொலையை அவர் ஒருகாலும் ஒப்பியதில்லை. முதற் சீலமே அதுவன்றோ! கொலை, களவு, பொய், செருக்கு இவையே தீநாற்றம் என்கிறது ஆமகந்த சுத்தம். புலாலுணவை அது அவ்வாறு கூறவில்லை.

பௌத்தராயிருந்ததும் மாட்டிறைச்சியை விடாததுமே தீண்டாமைக்கு வித்தாயின என்று, தீண்டப்படாதாரைப் பற்றி 1948இல் வெளியிட்ட நூலில் பாபாசாகேப் அம்பேத்கர் முடிவு கூறினார். ஆலையில் என்னருகே தறி ஓட்டிய தோழர், சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் தம் தூக்குச்சட்டியுடன் அகன்று அமர்வார். அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசியதில்லை, பேச வேண்டியதுமில்லை. 1956இல் நாகபுரியில் பாபாசாகேப் காட்டிய வழியில் தம்மம் ஏற்ற நாம், அந்த விலகலை நம் தமக்கை வீட்டுக்குக் கொண்டு செல்வதா? பாலை விட்டவர் மோர் குடிப்பவரை இகழ்வாராயின், பழைய படிக்கட்டில் புதிதாக ஒரு படி கட்டுகிறார்.

தமக்கை கறி சமைத்திருந்தால், "எனக்குச் சோறும் ரசமும் போதும், அக்கா" என்று சொல்லி அதே பாயில் அமருங்கள். காரணத்தைக் கேட்டால் மட்டும் கூறுங்கள். பெரும்பாலும் குழந்தைகளே கேட்பார்கள்.