கட்ட முடியாத கடனைக் கொடுத்தது யார்?

கடன் வசூலுக்காக யாரையும் மிரட்டக் கூடாது, பின்னாலேயே போய் நச்சரிக்கக் கூடாது, உடைமையில் கைவைக்கக் கூடாது என்று சொல்வதற்குத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் கர்நாடகம் இதே காரணத்துக்காக அவசரச் சட்டம் போட்டது. அதற்கும் முன்பு, 2024 அக்டோபரில், அளவுக்கு மீறி வட்டி வாங்குகின்றன என்று சொல்லி நான்கு நிதி நிறுவனங்கள் புதுக் கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. அவற்றில் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. சில மாதங்களில் தடை விலகிவிட்டது. கேள்வி விலகவில்லை. வங்கி வாசலில் மதிக்கப்படாதவருக்கு வீடு தேடி வந்து பணம் கொடுப்பது உதவியா, அநியாயமா?

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்குபவரால் கட்ட முடியாது என்று தெரிந்தே கொடுக்கப்படும் பணத்துக்குக் கடன் என்று பெயர் வைக்கக் கூடாது. அது விரிக்கப்பட்ட வலை. தவணை தவறும்போது முதலில் கூண்டில் நிற்க வேண்டியவர் கொடுத்தவரே.

இதை ஏட்டளவில் பேசுவதைவிட ஒரு தறிக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. ஆரணிப் பட்டு என்ற பெயரில் சென்னையிலும் பெங்களூரிலும் கடையேறும் சேலைகளில் பெரணமல்லூர்ப் பக்கத்து வீடுகளில் நெய்தவையும் உண்டு. நெசவாளிக்குக் கூலி கிழமை பார்த்து வருவதில்லை, சேலை அறுத்துக் கொடுத்தால்தான் வரும். ஒரு பாவு தீர்ந்தால் அடுத்த பாவை இழை இழையாகப் பிணைத்து ஏற்ற வேண்டும், அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. ஐப்பசி மழையில் குழித்தறிக்குள் ஈரம் ஏறும், தெருவில் பாவு விரிக்க வழியிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, சேலை தேங்கும், முதலாளி பட்டும் ஜரிகையும் குறைத்துக் கொடுப்பார். பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணையாக நின்று வாங்கும் குழுக் கடனின் வாரத் தவணைக்கு இதெல்லாம் தெரியாது. கடன் கொடுத்த மறு வாரமே வசூலுக்கு வண்டி வந்துவிடும். வருமானம் இப்படித்தான் என்பது தெரியாமல் யாரும் நெசவாளர் தெருவில் கடன் கொடுக்கப் போவதில்லை. நன்றாகத் தெரிந்துதான் போகிறார்கள். தவணை தவறும்போது வேறொரு குழுவில் வாங்கி இந்தக் குழுவில் கட்டுவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

சிறு வியாபாரிக்குத் தண்டல். பத்தாயிரம் என்று எழுதி, முன்வட்டி பிடித்துக்கொண்டு, 8,500 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு நூறு ரூபாய், நூறு நாள். வெறும் ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருவதால், அந்த நூறு நாளும் வியாபாரியின் கையில் சராசரியாக இருப்பது 4,250 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 129 சதவீதம். காய்கறிக் கடையோ டிபன் கடையோ இந்த லாபத்தைக் கண்டதுண்டா? தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. சட்டம் வந்து இருபது ஆண்டு தாண்டியும் காலை வேளையில் கடைத்தெருக்களில் தண்டல் நோட்டு புரண்டுகொண்டுதான் இருக்கிறது.

வட்டியே இல்லாத கடனும் ஒன்று உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் பழையது. தறிக்காரருக்கு முதலாளி கொடுக்கும் முன்பணம். மகள் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் கேட்ட உடனே கிடைக்கும். வட்டி இல்லை என்பதால் அதைத் தருமம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் பணம் தீரும்வரை வேறு முதலாளியிடம் தறி ஓட்ட முடியாது, கூலி போதவில்லை என்று வாய் திறக்கவும் முடியாது. கடனுக்காக ஒருவரை வேலையில் கட்டிவைப்பது கொத்தடிமை முறை என்று 1976-லேயே நாடாளுமன்றம் சட்டம் செய்துவிட்டது. வட்டியாக வாங்காததை அந்த மனிதரின் சுதந்திரத்தில் வாங்கிக்கொள்வதும் வட்டிதான்.

முன்னோர் இந்த விஷயத்தில் மௌனமாக இருக்கவில்லை. வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை வணிகரைப் பற்றிய குறளோடுதான் முடிக்கிறார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் காப்பது அவருக்கு வாணிகத்தின் இலக்கணம். பட்டினப்பாலையின் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கூடுதலாகக் கொள்ளவும் மாட்டார்கள், குறைவாகக் கொடுக்கவும் மாட்டார்கள். கௌடில்யர் நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணமே அறமான வட்டி என்றார். ஆண்டுக்குப் பதினைந்து சதவீதம். கடல் கடந்து போகும் வணிகரிடம் அதைவிடப் பல மடங்கு வாங்கலாம் என்று அவர் விட்டுக்கொடுத்தது உண்மை. ஆனால் அது கப்பல் திரும்பி வருமா என்று தெரியாத தொழில். பெரணமல்லூர்த் தறி எந்தக் கடலையும் கடக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்தில் ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்கு விடப்பட்ட காசுக்குக் கல்வெட்டு குறிக்கும் வட்டி, காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு. பன்னிரண்டரை சதவீதம். பழைய ஏற்பாடு ஒரு படி மேலே போய், மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்காதே என்கிறது, அது ஒருவரின் பிழைப்பையே அடகு வாங்குவது என்பதால். குர்ஆன் வட்டியைத் தடுத்ததோடு நிற்காமல், நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. இவ்வளவுக்கும் பிறகு சட்டப் புத்தகத்தைத் திறந்தால் அங்கும் இதே குரல்தான். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, கைவினைஞரின் தொழில் கருவிகளைக் கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. நீதிமன்றமே தறியில் கைவைக்க முடியாதபோது வசூல் ஆளுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்?

இத்தனை நூல்களும் ஒரே ஒரு கருத்தில் கூடுகின்றன. கொடுப்பவர் கை ஓங்கியிருக்கிறது, அதனால் கட்டுப்பாடும் அவருக்குத்தான் முதலில். கேட்பவரின் அவசரத்தைப் பார்த்து விலை வைப்பது வியாபாரம் ஆகாது.

குழு முறையின் கதை இன்னும் வேதனையானது. வங்கதேசத்தில் முகம்மது யூனுஸ் 1976-ல் ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் முக்காலி பின்னும் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்துத் தொடங்கியபோது, அடகு வைக்க எதுவும் இல்லாதவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் நம்பிக்கையே பிணை என்பது எவ்வளவு உயர்ந்த எண்ணம்! அந்த நம்பிக்கை இன்று எந்த நிலைக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். ஒருத்தி தவணை கொண்டுவரவில்லை என்றால் மற்றவர்கள் வீட்டுக்குப் போக முடியாது. பணம் வரும்வரை உட்கார வேண்டியதுதான். மிரட்டும் வேலையை நிறுவனம் தானே செய்ய வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரி செய்துவிடுகிறாள். நேற்றுவரை சக்கரை கடன் கேட்டவள் இன்று வாசலில் நின்று கத்துகிறாள். 2010-ல் ஆந்திரத்தில் தற்கொலைகளுக்குப் பிறகு அவசரச் சட்டம் வந்தது இந்த வகைக் கடன்களுக்காகத்தான். 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்து வட்டிக்கு எதிராக மனு கொடுத்து ஓய்ந்த ஒரு குடும்பம் குழந்தைகளோடு தீக்குளித்ததை இந்த மாநிலம் பார்த்தது. அதற்குப் பிறகும் கடனாளியின் பொறுப்பின்மையைப் பற்றிப் பேச நா எழுகிறவர்களைப் பார்த்து வியக்கத்தான் வேண்டியிருக்கிறது.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது கடமை. அதில் இரண்டு கருத்து இல்லை. திருப்பிக் கட்டாமல் ஊரை மாற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு, அவர்களால் நாணயமாகக் கட்டுகிறவருக்கும் கடன் மறுக்கப்படுகிறது. தள்ளுபடிக்குக் காத்திருப்பதும் நல்ல பழக்கம் அல்ல. இருந்தாலும் அந்தக் கடமை நியாயமான தொகைக்கு, நியாயமான காலத்துக்கு. அநியாய வட்டிக்கு அறம் பிணையாக நிற்காது.

வங்கிகள் மட்டும் கைகழுவிக்கொள்ள முடியுமா? நெசவாளர் முத்ரா திட்டத்தில் ஆறு சதவீத வட்டிக்குக் கடன் உண்டு, முத்ராவின் சிசு பிரிவில் பிணையில்லாமல் ஐம்பதாயிரம் வரை உண்டு என்று சுவரொட்டி சொல்கிறது. வேலைநாளில் கூலியை விட்டுவிட்டு வருகிறவரை இன்று போய் நாளை வா என்று நாலு முறை அலைய விட்டால், அவர் ஐந்தாவது முறை தண்டல்காரரிடம்தான் போவார். அன்றைய சென்னை மாகாணத்தில்தான் பிரெடெரிக் நிக்கல்சன் 1890-களில் கிராமங்களுக்குக் கூட்டுறவுக் கடனே வழி என்று இரண்டு தொகுதியாக அறிக்கை எழுதினார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் வந்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும், வேளாண் கூட்டுறவு வங்கிகளும், மகளிர் சுய உதவிக் குழுக்களும் அந்த வழியில் வந்தவை. பெரிய வங்கிக்கு வெளியே கடன் தேடுவதில் எந்தத் தவறும் இல்லை. அந்த வெளி முழுக்க வட்டிக்காரர்களுக்கே விடப்பட்டிருப்பதுதான் தவறு. சங்கம் உயிரோடு இருக்கும் ஊரில் அதன் உறுப்பினராவதும், செத்துக் கிடக்கும் ஊரில் அதை எழுப்பச் சொல்லிக் கேட்பதும் படித்தவர்களின் வேலை.

ஒழுங்குமுறை இல்லாமல் இல்லை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மொத்த வட்டி எவ்வளவு என்பதை எழுத்தில் காட்ட வேண்டும். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. இதே விதிகள் வட்டிக்கு இருந்த உச்ச வரம்பை எடுத்துவிட்டதைத்தான் ஏற்க முடியவில்லை. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும்.

அதுவரை, குழுவில் கையெழுத்துப் போடும் சகோதரிகள் இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். காலை ஒன்பது மணிக்கு முன்னாலும் மாலை ஆறு மணிக்குப் பின்னாலும் தவணை கேட்டு வருவதற்கோ போன் செய்வதற்கோ யாருக்கும் அனுமதி இல்லை. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனத்தின் மீது புகார் சொல்லும் வழியைக் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.