வீணையும் தொட்டிலும்

"கலியாணமான பிறகும் பாட்டு எதற்கு? பிள்ளையை யார் பார்ப்பது?" என்னும் பேச்சு நம் குடும்பங்களில் அடிக்கடி எழுவதுண்டு. கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பிள்ளையின்பேரிலுள்ள கரிசனமே பெரும்பாலும் அப்படிப் பேசச் செய்கிறது. ஆயினும் கேள்வி நியாயமானதுதானா என்று சற்றே நிதானமாய் ஆராய்வோம்.

நம் மதுரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோவிலுக்கருகே குடியிருந்த சண்முகவடிவு அம்மாள் வீணையில் பேர்பெற்றவர். அவருடைய தாயார் அக்கம்மாள் பிடில் வாசித்தவர். சண்முகவடிவுக்குப் பிள்ளைகள் மூவர். சக்திவேல் மிருதங்கம் பயின்றார். வடிவாம்பாள் வீணை பயின்றார். 1916-ஆம் வருஷம் செப்டம்பர் 16-ந் தேதி பிறந்த சுப்புலட்சுமியோ, 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடி, 1998-ல் பாரத ரத்னா விருது பெற்ற எம். எஸ். ஆனார். தாயின் வித்தை அந்தப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரிக்கவில்லை. அந்த வித்தையிலேயே அவர்கள் வளர்ந்தார்கள். தலைமுறையாய்ச் சங்கீதமே தொழிலாயிருந்த வீடு அது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்களின் பாட்டைக் கொண்டாடிய ஊரார், அவர்களுக்குரிய மரியாதையை மட்டும் கொடுக்கவில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

பெண்கள் கச்சேரி மேடையேறும் வழக்கமே இல்லாத பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் டி. கே. பட்டம்மாள். 1939-ல் விவாகமான பின்பும் அவர் பாடினார். 1970-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். மகன் சிவகுமார் மிருதங்க வித்வான். பேத்தி நித்யஸ்ரீ பாடகி. அம்மா பாடியதால் அந்தக் குடும்பம் கெட்டுப்போயிற்று என்று யார் சொல்லுவார்?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நம் ஊர்ச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். அதுவும் கலைதான். ஆனால் "பிள்ளையை யார் பார்ப்பது?" என்று அவர்களை எவரும் கேட்பதில்லை. அடுப்பில் உலை கொதித்தால் துணியைக் கீழே வைக்கலாம், குழந்தை உறங்கினால் மறுபடி எடுக்கலாம். சங்கீதம் அப்படியன்று. சாதகத்துக்கு ஏற்ற வேளை விடியற்காலம். அடுப்பும் பிள்ளைகளும் தாயை அழைக்கிற வேளையும் அதுவே. மூன்று மணி நேரக் கச்சேரியின் நடுவில் எழுந்துபோய்ப் பால் காய்ச்ச முடியாது. ஆகவே பாடுகிற தாய்க்கு வேறு ஒருவருடைய கைகள் வேண்டும். சங்கடம் முழுவதும் இங்கேதான்.

திருவிழாக் காலத்தில் நாதஸ்வர வித்வான் ஊர் ஊராய்ப் போகிறார். பல இரவுகள் வீடு திரும்புவதில்லை. அவருடைய பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று அவரைக் கேட்டவர் உண்டா? பார்ப்பதற்கு ஒருத்தி இருக்கிறாள் என்று எல்லாரும் அறிவார்கள்.

காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குத் தாயின் மடி வேண்டும். அதைக் கைதட்டலுக்காக மறுப்பது சரியென்று நான் ஒருக்காலும் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளை பெற்றவர் இருவர். பிள்ளைக்குச் செலுத்தவேண்டிய கடன் இருவர்மேலும் இருக்கிறது. ஒருவர் வித்தையைக் காப்பாற்ற மற்றவர் வித்தையைப் புதைக்கவேண்டும் என்று மெய்விவாகத்தில் எந்த வாக்குறுதியும் கொடுக்கப்படுவதில்லை. பாட்டை விட்டுவிட்ட தாய்மார் பலரை நான் அறிவேன். அவர்களில் தாமாகவே மனமொத்து விட்டவர்கள் சிலர். அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. மற்றவர்களை ஒருவரும் கேட்கவேயில்லை. ஆர்மோனியம் பரண்மேல் ஏறியது, அவ்வளவுதான்.

நமது பாடகர் குழுவில் கன்னிப்பெண்கள் நிறைய இருக்கிறார்கள், தாய்மார் இருவர்கூட இல்லை. குரல் கலியாணத்தோடு போய்விடுவதில்லையே! சனிக்கிழமை மாலைப் பயிற்சிக்குத் தாய்மார் கைக்குழந்தையோடு தாராளமாய் வரலாம். தகப்பன்மாரும் கூட வரட்டும். கோவில் வராந்தா நீளமானது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாவ வேண்டிய இடம் உண்டு.